ஆங்கிலக் கடிதத்தில் மரியாதை அடை: சொல்லா, இடமா?

முன்னுரை

ஆங்கிலக் கடிதம் எழுதும் முறையைக் கற்பிக்கும் கையேடுகளும் இருமொழி அகராதிகளும் மரியாதை அடைகளைப் பெரும்பாலும் தனிச்சொற்களாகவே கொள்கின்றன. மிஸ்டர் என்பதற்குத் திரு, மிசஸ் என்பதற்குத் திருமதி, மிஸ் என்பதற்குச் செல்வி, டியர் என்பதற்கு அன்புள்ள, யுவர்ஸ் ஃபெயித்ஃபுல்லி என்பதற்குத் தங்கள் உண்மையுள்ள என்றவாறு இணைகள் தரப்படுகின்றன. தனித்தனியே நோக்கும்போது இவை பிழையற்றவையாகத் தோன்றுகின்றன. ஆயினும் இவற்றைக் கொண்டு எழுதப்படும் கடிதம் பெறுநரைத் தவறாக விளிப்பதுண்டு. சில வேளைகளில் பெறுநர் அல்லாத ஒருவரையே விளித்துவிடுவதும் உண்டு. இதற்குக் காரணம் சொற்பொருளில் இல்லை. மரியாதை அடை என்பது பொருள் தரும் சொல் என்பதைவிட, கடிதம் என்னும் அமைப்பில் ஓர் இடத்தை நிரப்பும் உறுப்பு என்பதே பொருந்தும். அவ்விடத்தின் இலக்கணம் மொழிக்கு மொழி வேறுபடும். இவ்வேறுபாட்டை விளக்குவதும், விளிவடிவங்கள் பற்றிய சமூகமொழியியல் ஆய்வுகள் கடிதத்தைக் கருதாமையால் நேர்ந்த குறையைச் சுட்டுவதும், மொழிபெயர்ப்பாளர்க்கு அதனால் பெறப்படும் பயனைக் கூறுவதும் இக்கட்டுரையின் நோக்கங்களாகும்.

1. அடையும் பெயரும்

ஆங்கில மரியாதை அடைகளை அவை பெயரோடு கொள்ளும் உறவின் அடிப்படையில் மூவகையாகப் பகுக்கலாம். முதல் வகை, பெயரின்றித் தனித்து நிற்கமாட்டாதவை. மிஸ்டர், மிசஸ் என்பன பொதுவழக்கில் இத்தகையன. இரண்டாம் வகை, தனித்து மட்டுமே விளியாக வருபவை. கடிதத்தின் தொடக்கத்தில் வரும் சார், மேடம் என்பன இவை. மூன்றாம் வகை, இரு நிலைகளிலும் வருபவை. டாக்டர், புரொபசர் என்பன இதற்குச் சான்றுகள்.

இவ்வகைப்பாட்டோடு மற்றொரு விதியும் இணைகிறது. பெயர் ஒன்றுக்கு அடை ஒன்றே என்பது ஆங்கிலக் கடித மரபின் பொதுவிதி. பிரித்தானிய வழக்கில் பெயருக்குப் பின் எஸ்கொயர் என எழுதினால் முன்னால் மிஸ்டர் வராது. பிரித்தானியாவில் அறுவை மருத்துவர் டாக்டர் எனப்படாமல் மிஸ்டர் எனப்படுவது மரபு. அறுவை மருத்துவர் நாவிதர்களோடு ஒரே கூட்டமைப்பில் இருந்த காலத்தின் எச்சம் அது; இன்று அது குறைவைக் குறிக்காமல் தகுதியைக் குறிக்கிறது. இதனை அறியாத மொழிபெயர்ப்பாளர் அத்தகைய கடிதத்தில் ‘திரு’ என எழுதினால், சொல் சரியாக இருக்கும், மருத்துவர் மறைந்துவிடுவார்.

தமிழில் நிலை வேறு. திரு என்பது பெயருக்கு முன்னும் அவர்கள் என்பது பெயருக்குப் பின்னும் ஒருங்கே வருகின்றன. இரண்டும் வருவது மிகை எனக் கருதப்படுவதில்லை. முறையான கடிதத்தில் இரண்டும் எதிர்பார்க்கப்படுகின்றன. சிறப்புப்பெயரும் இயற்பெயரும் ஒருவர்க்கே வரும்போது இயற்பெயர் முற்பட வாராது என்பது தொல்காப்பியக் கிளவியாக்கம் கூறும் விதி. உரையாசிரியர்கள் காட்டும் ‘ஏனாதி நல்லுதடன்’ இவ்வகையினது. பிற்கால வழக்கு இவ்விதியைக் கைவிடாமலேயே பெயருக்குப் பின்னும் ஓர் இடத்தை உருவாக்கிக்கொண்டது எனலாம்.

இப்பின்னிடம் எத்துணை வலிமை உடையது என்பதற்கு ஆங்கிலக் கடன்சொல் ஒன்றே சான்று. ஒரே ஆங்கிலச் சொல் தமிழில் இரு வடிவங்களில் வழங்குகிறது. பெயருக்கு முன் வரும் பட்டமாக அது சர் என ஒலிக்கிறது. விளியாகவும் பெயருக்குப் பின்னும் சார் என ஒலிக்கிறது. சர் என்னும் பட்டம் ஆங்கிலத்தில் குடும்பப்பெயரோடு மட்டும் சேராது. சர் வின்ஸ்டன் என்பது வழக்கு. சர் சர்ச்சில் என்பது வழு. சார் என்பதோ ‘முருகன் சார்’ எனத் தமிழின் பின்னிடத்தைப் பற்றிக்கொண்டது. இந்திய ஆங்கிலக் கடிதங்களில் பெயரை அடுத்து வரும் இச்சொல்லைக் கல்லாமையின் விளைவு எனத் தள்ளுவது எளிது. உண்மையில் அது, அவர்கள் என்னும் உறுப்பு நிற்கும் இடத்தை ஆங்கிலச் சொல்லால் நிரப்பியதன் விளைவாகும்.

2. விளியும் முடிப்பும்

சூசன் எர்வின்-டிரிப் 1972-இல் வெளியிட்ட ஆய்வில் விளிவடிவங்களை இருவகை விதிகளால் விளக்கினார். பல வடிவங்களுள் ஒன்றைத் தெரிந்தெடுப்பது மாற்றுத்தேர்வு விதி. ஒன்றைத் தெரிந்தபின் அதனோடு எவை வரலாம், எவை வரலாகா என்பது உடன்நிகழ்வு விதி. கடிதத்தைப் பொறுத்தவரை இரண்டாவது விதியே முதன்மையானது.

பிரித்தானிய மரபில் பெயரின்றி டியர் சார் எனத் தொடங்கிய கடிதம் யுவர்ஸ் ஃபெயித்ஃபுல்லி என முடிய வேண்டும். டியர் மிஸ்டர் ஸ்மித் எனப் பெயர் சுட்டித் தொடங்கியது யுவர்ஸ் சின்சியர்லி என முடிய வேண்டும். இவ்விரு முடிப்புகளின் அகராதிப் பொருளான நம்பிக்கை, நேர்மை என்பவற்றுக்கும் இத்தேர்வுக்கும் தொடர்பில்லை. பெயர் சுட்டப்பட்டதா இல்லையா என்பதே தேர்வை முடிவு செய்கிறது. அமெரிக்க மரபில் இவ்வேறுபாடு வலுவாக இல்லை. ஆனால் முறைசார்ந்த கடிதத்தில் விளிக்குப்பின் முக்காற்புள்ளி இடுவது அங்கு உண்டு. அமெரிக்க அச்சில் மிஸ்டர் என்னும் சுருக்கத்தின்பின் புள்ளி உண்டு. இன்றைய பிரித்தானிய அச்சில் பெரும்பாலும் இல்லை.

இதனால் பெறப்படுவது யாது? யுவர்ஸ் ஃபெயித்ஃபுல்லி என்பதைத் ‘தங்கள் உண்மையுள்ள’ எனப் பெயர்ப்பது, இலக்கணக் குறியீடு ஒன்றைப் பண்புச்சொல்லாக மாற்றுவதாகும். தமிழ்நாட்டுப் பள்ளிகளில் விடுப்பு விண்ணப்பம் எழுதும் சிறுவன் ‘தங்கள் கீழ்ப்படிதலுள்ள மாணவன்’ எனக் கையொப்பமிடுவதும் இத்தகையதே. ஆங்கில அலுவலகக் கடிதத்தின் முடிப்பில் பொருளிழந்து உறைந்துபோன பணியாள் என்னும் சொல்லாட்சி, தமிழில் மீண்டும் பொருள் பெற்றுக் கீழ்ப்படிதலாகவே படிக்கப்படுகிறது.

3. விளிவடிவ ஆய்வுகளும் கடிதமும்

ரோஜர் பிரவுன், மார்கரீட் ஃபோர்டு ஆகியோர் 1961-இல் வெளியிட்ட அமெரிக்க ஆங்கில விளிமுறை பற்றிய ஆய்வு இத்துறையின் அடிப்படை நூல்களுள் ஒன்று. முதற்பெயரால் விளித்தல், அடையும் குடும்பப்பெயரும் சேர்த்து விளித்தல் என்னும் இரு முனைகளுக்கு இடையே அமெரிக்க வழக்கு இயங்குவதாக அவர்கள் காட்டினர். இருவரும் ஒரே வடிவத்தைப் பரிமாறிக்கொள்வது நெருக்கத்தின் அளவைச் சுட்டும். ஒருவர் ஒன்றையும் மற்றவர் வேறொன்றையும் வழங்குவது நிலை வேறுபாட்டைச் சுட்டும். முதற்பெயருக்கு மாறும் உரிமை உயர்ந்தவரிடமே உள்ளது என்பதும் அவர்களின் முடிபு.

இவ்வாய்வின் சிறப்பை மறுப்பதற்கில்லை. ஆனால் அதன் தரவுகள் நாடக உரையாடல்களும் பாஸ்டன் நகர நிறுவனம் ஒன்றின் பேச்சு வழக்கும் போன்றன, கடிதங்கள் அல்ல. கடிதத்தில் பெயர் இரு இடங்களில் வருகிறது. முகவரியில் வருவது சுட்டு. தொடக்கத்தில் வருவது விளி. சுட்டிடத்தில் மிஸ்டர் ஜான் ஸ்மித் என முழுப்பெயர் வரும். விளியிடத்தில் முழுப்பெயர் வருதல் மரபன்று. ஆகவே முழுப்பெயர் என்னும் மூன்றாம் வடிவம் கடிதத்தின் இலக்கணத்தில் இன்றியமையாதது. இருமுனை மாதிரியில் அதற்கு இடமில்லை. அடையைத் தவிர்த்து முழுப்பெயரையே விளியாக்கும் வழக்கு இன்றைய மின்னஞ்சல்களில் பெருகியுள்ளது. இதனை அம்மாதிரியால் விளக்க இயலாது.

இரண்டாவது குறை மேலும் ஆழமானது. எல்லா மனிதர்க்கும் குடும்பப்பெயர் உண்டு என்பது அம்மாதிரியின் சொல்லப்படாத முற்கோள். தமிழ்ப் பெயரில் தலைப்பெழுத்துக் குறிப்பது பெரும்பாலும் தந்தையின் இயற்பெயரை. கந்தசாமியின் மகன் செல்வம் ‘க. செல்வம்’ ஆகிறார். வெளிநாட்டுப் படிவம் குடும்பப்பெயரைக் கேட்கும்போது அவர் கந்தசாமி என எழுதுகிறார். மறுமொழியாக வரும் கடிதம் டியர் மிஸ்டர் கந்தசாமி எனத் தொடங்குகிறது. ஆங்கில இலக்கணப்படி இதில் வழு இல்லை. ஆனால் கடிதம் தந்தையை விளிக்கிறது. தந்தை இறந்து பல்லாண்டுகள் ஆன நிலையிலும் இது நிகழும். ஒரே பெயர் உடையவரின் நிலை இதனினும் இடர்ப்பாடானது. கடவுச்சீட்டில் இயற்பெயர்க் கட்டம் வெறுமையாக இருப்பின், அமெரிக்க நுழைவிசைவில் அக்கட்டத்தில் எஃப்.என்.யு. என்னும் மூன்று எழுத்துகள் இடப்படுகின்றன. முதற்பெயர் அறியப்படவில்லை என்பது அதன் விரிவு. பெயர் அறியப்படாமல் இல்லை. அதற்கு உரிய கட்டந்தான் அங்கு இல்லை.

பெனலோப் பிரவுன், ஸ்டீபன் லெவின்சன் ஆகியோரின் பணிவுக் கோட்பாடு 1978-இல் முதலில் வெளிவந்து 1987-இல் தனிநூலாயிற்று. அது கோயம்புத்தூர் வட்டாரத் தமிழையும் தன் மூன்று தரவு மொழிகளுள் ஒன்றாகக் கொண்டது. அங்கும் கருதப்பட்டது பேச்சே. கடிதத்தின் இலக்கணம் இன்னும் தனியே எழுதப்பட வேண்டிய நிலையிலேயே உள்ளது.

4. அடை மறுக்கப்படுதல்

மரியாதை அடை வெறும் அலங்காரமன்று என்பதற்கு அது மறுக்கப்பட்ட இடங்களே சிறந்த சான்று. அமெரிக்கத் தென்மாநிலங்களில் கறுப்பின மக்களுக்கு மிஸ்டர், மிசஸ் என்னும் அடைகளை வழங்காமை இனப்பாகுபாட்டின் நெடுங்கால வழக்காக இருந்தது. மார்ட்டின் லூதர் கிங் 1963-இல் பர்மிங்ஹாம் சிறையிலிருந்து எழுதிய கடிதத்தில், தம் மக்களின் மனைவியர்க்கும் தாயர்க்கும் மிசஸ் என்னும் அடை மறுக்கப்படுவதை ஏனைய இழிவுகளோடு ஒருங்கு வைத்து எண்ணினார். அதே ஆண்டில் அலபாமா நீதிமன்றம் ஒன்றில் மேரி ஹாமில்டன் என்பவர் முதற்பெயரால் மட்டும் விளிக்கப்பட்டபோது விடையளிக்க மறுத்தார். நீதிமன்ற அவமதிப்பாகக் கொண்டு அவருக்கு ஐந்து நாள் சிறையும் 50 டாலர் தண்டமும் விதிக்கப்பட்டன. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1964-இல் அத்தீர்ப்பை நீக்கியது. எர்வின்-டிரிப் எடுத்துக்காட்டும் நிகழ்ச்சியும் இத்தகையது. ஆல்வின் பூசான்ட் என்னும் கறுப்பின மருத்துவர் தம் பெயரை டாக்டர் என்னும் அடையோடு கூறியபோது, காவலர் ஒருவர் முதற்பெயரையே வற்புறுத்திக் கேட்டார். இங்கு விதி அறியாமையால் மீறப்படவில்லை. விதியை இருவரும் நன்கு அறிந்திருந்தமையாலேயே அது அவமதிப்பாயிற்று.

5. எம்-எஸ்: மறைத்ததும் மீண்டதும்

மிசஸ், மிஸ் ஆகிய இரண்டும் மிஸ்ட்ரஸ் என்னும் ஒரே சொல்லின் சுருக்கங்கள். பதினெட்டாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் மிசஸ் என்பது மண நிலையைச் சுட்டவில்லை. சமூக நிலையையே சுட்டியது. மணமானவர், ஆகாதவர் என்னும் பாகுபாடு பின்னரே உறுதிப்பட்டது. ஆண்பாலில் இத்தகைய பாகுபாடு நிலைபெறவில்லை. இச்சமமின்மையை ராபின் லேகாஃப் 1975-இல் வெளியிட்ட நூலில் விரிவாக ஆராய்ந்தார்.

இவ்வேறுபாட்டை நீக்கும் எம்-எஸ் என்னும் ஈரெழுத்துச் சுருக்கம் 1901-இலேயே அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகர நாளிதழில் முன்மொழியப்பட்டது. மண நிலை அறியாத பெண்ணுக்கு எழுதுவோரின் இடர்ப்பாட்டைப் போக்குவதே அம்முன்மொழிவின் நோக்கம். 1960-களில் ஷீலா மைக்கேல்ஸ் இதனை மீண்டும் எடுத்துரைத்தார். 1972-இல் இதே பெயரில் இதழ் ஒன்று முழுமையாக வெளிவரத் தொடங்கியது. 1986-இல் நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் இதனை ஏற்றது. பிற மொழிகள் வேறு வழியை மேற்கொண்டன. மேற்கு ஜெர்மனி 1972-இல் ஃபிராய்லைன் என்பதையும், பிரான்சு 2012-இல் மத்மசல் என்பதையும் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கின. அவை மூன்றாம் சொல்லைப் படைக்கவில்லை. மணமானவர்க்கு உரியதையே பொதுவாக்கின. பால் வேறுபாட்டையும் விலக்கும் எம்-எக்ஸ் என்னும் அடையை ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி 2015-இல் சேர்த்துக்கொண்டது.

எம்-எஸ் என்பது தமிழுக்கு வரும்போது இரு தடைகள் எழுகின்றன. முதலாவது எழுத்துத் தடை. ஆங்கிலத்தில் மிஸ் என்பதும் எம்-எஸ் என்பதன் ஒலிப்பும் ஈற்று மெய்யின் ஒலிப்புடைமையால் மட்டுமே வேறுபடுகின்றன. தமிழெழுத்தில் அவ்வேறுபாட்டைக் காட்ட வழியில்லை. இரண்டும் மிஸ் என்றே எழுதப்படும். மண நிலையை மறைக்கப் படைக்கப்பட்ட அடை, ஒலிபெயர்ப்பில் மணமாகாதவர்க்கு உரிய அடையோடு ஒன்றாகிவிடுகிறது.

இரண்டாவது பெயர்த் தடை. மணமான தமிழ்ப் பெண் பலர் கணவரின் பெயரையே தலைப்பெழுத்தாகக் கொள்கின்றனர். அப்பெயர் படிவத்தின் குடும்பப்பெயர்க் கட்டத்தில் சென்று அமர்கிறது. கடிதம் எம்-எஸ் முருகேசன் எனத் தொடங்குகிறது. அடை மண நிலையை மறைக்கிறது. அதனை அடுத்து வரும் பெயர் வெளிப்படுத்திவிடுகிறது. ஆங்கிலக் குடும்பப்பெயர் குடும்பம் முழுமைக்கும் பொதுவானது. முருகேசன் என்பதோ ஓர் ஆடவரின் இயற்பெயர். ஆங்கிலத்தில் கணவரின் முழுப்பெயருக்கு முன் மிசஸ் சேர்த்து மனைவியைச் சுட்டிய பழைய வழக்கை ஒழிக்க முனைந்த அடையே, தமிழ்ப் பெண்ணின் கடிதத்தில் அதற்கு ஒப்பான வடிவம் ஒன்றைப் படைத்துவிடுகிறது. கடிதத்தைப் பெறும் பெண்ணின் சொந்தப் பெயர் விளியில் எங்கும் இல்லை.

6. மகாராஜராஜஸ்ரீ முதல் திரு வரை

ஆங்கிலக் கடிதத்தின் அடையிடத்தில் இந்தியச் சொற்களை இடும் வழக்கு புதியதன்று. சென்னை மாகாண அரசின் ஆங்கில ஆவணங்களில் இந்தியர் பெயருக்கு முன் மகாராஜராஜஸ்ரீ என்பதன் சுருக்கமும், பின் அவர்கள் என்பதும், தெலுங்கராயின் காரு என்பதும் வந்தன. ஐரோப்பிய அலுவலர் பெயருக்குப் பின் பெரும்பாலும் எஸ்கொயர் வந்தது. ஒரே ஆவணத்தில் இரு வரிசைகள் இருந்தன. இந்திய வரிசையில் முன்னிடம், பின்னிடம் இரண்டும் நிரம்பின. ஆங்கில வரிசையில் ஒன்றே நிரம்பியது.

1967-இல் சி. என். அண்ணாதுரை தலைமையில் அமைந்த அரசு ஸ்ரீ, ஸ்ரீமதி, குமாரி என்பவற்றுக்கு மாற்றாகத் திரு, திருமதி, செல்வி என்பவற்றை வழக்கிற்குக் கொணர்ந்தது. தமிழ்நாட்டு அரசின் ஆங்கிலக் கடிதங்களிலும் இவையே இடம்பெறுகின்றன. வணிக நிறுவனங்களின் பெயருக்கு முன் வரும் மெசர்ஸ் என்னும் பிரெஞ்சு வழிச் சொல்லின் இடத்தில் திருவாளர்கள் என்பதன் ஆங்கில எழுத்துச் சுருக்கமும் வழங்குகிறது. சொற்கள் தமிழாயின; பாகுபாடு ஆங்கிலத்திலும் வடமொழியிலும் இருந்தவாறே நின்றது. செல்வன் என்பது இளையோர்க்கும் மணமகனுக்கும் உரியதாகச் சுருங்க, செல்வி என்பது மணமாகாத பெண்ணுக்கு எவ்வகவையிலும் தொடர்கிறது. முதலமைச்சராக இருந்த ஜெ. ஜெயலலிதா தமிழ் ஆவணங்களில் செல்வி எனவும், ஆங்கில நாளேடுகள் பலவற்றில் எம்-எஸ் எனவும் குறிக்கப்பட்டார். ஒரே நாளில் ஒரே செய்தியில் ஒரு மொழி கூறியதை மற்றொரு மொழி கூறாது விட்டது. இவ்விரண்டையும் இணைச்சொற்களாகக் கொள்ளும் அகராதி இவ்வேறுபாட்டை அழித்துவிடும்.

7. மொழிபெயர்ப்பில் செய்யத்தக்கன

ஆங்கிலம் முன்னிலை ஒருமையின் பழைய வடிவத்தைப் பொதுவழக்கில் இழந்துவிட்டது. நீ, நீங்கள் என்னும் வேறுபாடு அதன் மாற்றுப்பெயரில் இல்லை, வினையிலும் இல்லை. ஆகவே நெருக்கமும் விலகலும் பெரிதும் விளியிடத்தில் வந்து குவிகின்றன. இரு நிறுவனத்தாரிடையே நிகழும் கடிதப் போக்குவரத்தில் மூன்றாம் கடிதம் மிஸ்டர் ஸ்மித் என்பதிலிருந்து ஜான் என மாறினால், அது ஓர் உறவு மாற்றத்தின் அறிவிப்பு. தமிழில் அம்மாற்றத்தை விளியால் மட்டும் காட்ட இயலாது. ‘அனுப்பி வைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்’ என்பது ‘அனுப்புங்கள்’ என மாறும். தாங்கள் என்பது நீங்கள் என இறங்கும். விளியில் நிகழ்ந்ததைக் கடிதம் முழுவதிலும் பகிர்ந்து வைப்பதே மொழிபெயர்ப்பாளரின் பணியாகும்.

விளியின் வேற்றுமையும் கருதத்தக்கது. ஆங்கிலக் கடிதத்தின் தொடக்கம் விளித்தொடர். தமிழ்க் கடிதத்தின் தொடக்கம் பெயர் சுட்டும்போது பெரும்பாலும் நான்காம் வேற்றுமை: ‘திரு. செல்வம் அவர்களுக்கு’. பெயர் சுட்டாதபோதே ஐயா, அம்மையீர், அன்புடையீர் என விளி வருகிறது. டியர் என்பதற்கு எல்லா இடத்தும் அன்புள்ள என இடுவது பொருந்தாது. கடன் நிலுவையைக் கேட்கும் வங்கியின் கடிதத்திலும் ஆங்கிலத்தில் டியர் உண்டு. அங்கு அது அன்பைக் குறிப்பதன்று, கடிதம் தொடங்கியதைக் குறிப்பது. பாலும் எண்ணும் அறியாத பெறுநர்க்கு ஆங்கிலம் டியர் சார் ஆர் மேடம் எனக் கிளைத்துத் தடுமாறும் இடத்தில் அன்புடையீர் என்னும் ஒரு சொல் போதுமானது.

எம்-எஸ் என்பதன் இணையும் இவ்வாறே தேடப்பட வேண்டும். செல்வியும் திருமதியும் அதற்கு இணையாகா. புதுச்சொல் படைப்பதும் இன்றியமையாததன்று. அவர்கள் என்னும் பின்னிட உறுப்புப் பால் காட்டாது. மண நிலை காட்டாது. தனித்தும் போதிய மரியாதை தரும். ‘முத்துலட்சுமி அவர்களுக்கு’ என்பது முழுமையான விளியிடத் தொடர். முன்னிடத்தை வெறுமையாக விடுவதே எம்-எஸ் என்பதன் சரியான தமிழாக்கம்.

தமிழிலிருந்து ஆங்கிலத்திற்குச் செல்வோர்க்கும் இது பொருந்தும். ‘மதிப்பிற்குரிய டாக்டர் திரு. செல்வம் அவர்கள்’ என்னும் தொடரின் நான்கு உறுப்புகளும் ஆங்கிலத்தில் டாக்டர் என்னும் ஓர் அடையில் அடங்கும். அதனை அடுத்து வரவேண்டியது செல்வம் என்னும் இயற்பெயரே; படிவத்தின் கடைசிக் கட்டத்தில் உள்ள தந்தையின் பெயரன்று.

முடிவுரை

மரியாதை அடைகளுக்கு இணைச்சொல் தேடும் முயற்சி, அவற்றின் இடத்தையும் உடன்நிகழ்வையும் கருதாதபோது பிழைபடுகிறது. இருமொழி அகராதிகள் இவ்வடைகளைத் தரும்போது பொருளோடு நின்றுவிடாமல், எவ்வகைப் பெயரோடு சேரும், எந்த இடத்தில் வரும், எம்முடிப்பை வேண்டும் என்பவற்றையும் தருதல் வேண்டும். கடிதக் கையேடுகள் தமிழ்ப் பெயரில் விளிக்கத்தக்க பகுதி எது என்பதைக் கற்பித்தல் வேண்டும். படிவம் வகுப்போர் குடும்பப்பெயர் எனக் கேட்பதோடு, ‘எப்பெயரால் விளிக்க வேண்டும்’ எனவும் ஒரு கட்டம் வைப்பின் பெரும்பாலான இடர்ப்பாடுகள் நீங்கும். ஒருவரைப் பெயர் சொல்லி விளிப்பதே கடிதத்தின் முதற்செயல். அங்குப் பிழைபட்ட கடிதம், பின்னர் எத்துணைப் பணிவாக எழுதப்பட்டிருப்பினும், வேறொருவர்க்கு எழுதப்பட்டதாகவே நிற்கும்.